பெயர்த்து விற்க முடியாத சொத்து: செட்டிநாட்டுப் பெரிய வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு,

போன வாரம் நம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நடு முற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவரில் இடுப்புயரத்துக்குப் பூச்சு பொரிந்து, உப்புப் பூத்து, கீழே மாவாகக் கொட்டிக் கிடக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு வரி: "எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு சிமெண்டு பூசி, புட்டி வச்சு, பெயின்ட் அடிச்சிரலாம்." பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்திச் சம்மதம் சொல்லியிருந்தீர்கள். மூன்று பேர் பெயின்ட் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. நாலு வரியில் மறுத்து எழுதியிருந்தால் 'அண்ணனுக்கு ரிட்டயர் ஆனதும் வேற வேலையில்லை' என்று போயிருக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி பொதுவில் எழுதக் காரணம், இந்தப் பேச்சு நம் வீட்டோடு நிற்பதில்லை. கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று எழுபதுக்கும் மேற்பட்ட நம் ஊர்களில் பெரிய வீடு வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவிலும் இதே படம் வருகிறது. இதே யோசனையும் வருகிறது.

கதவு விற்கும், தூண் விற்கும். பர்மா தேக்குத் தூண் ஒன்றைப் பெயர்த்தெடுத்து லாரியில் ஏற்றினால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அதற்கு ஒரு விலை உண்டு. எனாமல் தூக்குக்கும் விளக்குக்கும்கூட உண்டு. அதனால் அவற்றின் மதிப்பு நமக்கு நன்றாகத் தெரியும். பாகப்பிரிவினையில் பட்டியல் போட்டுப் பிரித்துக்கொள்கிறோம். சுவர்ப் பூச்சை மட்டும் யாரும் பெயர்த்து விற்க முடியாது. பெயர்த்தால் அது குப்பை. இந்த ஒரே காரணத்தால்தான் அது எந்தப் பட்டியலிலும் இல்லை, யாருடைய பங்கிலும் இல்லை. நம் வீட்டில் திரும்பக் கிடைக்காத பொருள் எது என்று என்னைக் கேட்டால் தேக்கைச் சொல்ல மாட்டேன், இத்தாலியப் பளிங்கைச் சொல்ல மாட்டேன். காசிருந்தால் அவற்றை இன்றும் வாங்கலாம். சுவரைத்தான் சொல்வேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தப்புச் செய்தவன் என்ற தகுதி இருக்கிறது. 1994-ல் என் பங்குக்கு வந்த அறையில் ஓதம் அடித்தது. அப்போது நான் வேலையில் நன்றாக ஊன்றியிருந்த சிவில் இன்ஜினியர். சிமெண்டைத் தவிர எதையும் நம்பாதவன். மூன்றடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தச் சொன்னேன். கொத்த வந்த பெரியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி எங்கயாச்சும் வெளிய வரணும்ல தம்பி, இங்க அடைச்சா அங்க வரும்" என்றார். நான் சிரித்தேன். கல்லூரியில் எனக்கு யாரும் அப்படிப் பாடம் நடத்தவில்லை. மூன்று மழைக்காலம் போனது. சிமெண்டு பூசிய இடம் சுத்தமாக இருந்தது. அதற்கு மேலே, எண்பது வருஷம் கண்ணாடி மாதிரி நின்ற பூச்சு, நாலரை அடி உயரத்தில் ஒரு கோடு பிடித்தாற்போல் பொரிந்து உதிர்ந்தது. இப்போது குழுவில் வந்த படத்தில் இருப்பது பக்கத்துத் தாழ்வாரப் பத்தி. அதற்கும் யாரோ நடுவில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சாம்பல் நிறம் தெரியும்.

சரி, அந்தச் சுவரில் என்னதான் இருக்கிறது? வீட்டைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களிடம் நாமே சொல்லும் கதைகள் இரண்டு. முதலாவது, லட்சக்கணக்கில் முட்டை உடைத்து வீட்டைக் கட்டினார்கள் என்பது. இரண்டாவது, இத்தாலிக்காரன் வந்து பூசிக் கொடுத்தான் என்பது.

முட்டைக் கதை முக்கால்வாசி மிகை. முட்டை சேர்வது கடைசிப் பூச்சில் மட்டும்தான். அடியில் மணலும் சுண்ணாம்பும் கலந்த கனமான காரை. அதன்மேல் நைசான மணலோடு இன்னொரு பூச்சு. அதன்மேல் அரைத்த சுண்ணாம்பு. எத்தனை பூச்சு என்பது வீட்டுக்கு வீடு, கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். காரையில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, வெண்ணெய் மாதிரி அரைத்த சுண்ணாம்பு. வெள்ளைக்கரு சேர்வது இதில்தான். ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதைவிட மெலிது, கீழே உள்ளதைவிட நைசு.

வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்குவத்தை 'மெட்ராஸ் சுனாம்' என்று பெயரிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பைத்தான் சுனாம் என்றார்கள். ஒரு பறை (பழைய முகத்தல் அளவு) சுண்ணாம்புக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, அரை ராத்தல் நெய், ஒரு குவார்ட் தயிர். பளபளப்புக் கூட வேண்டுமென்றால் மாக்கல் பொடி. தயிர் என்ற சொல்லை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் 'டயர்' என்று வரும். முதல் தடவை படித்தபோது வண்டிச்சக்கரத்துக்கு இங்கே என்ன வேலை என்று கொஞ்ச நேரம் முழித்தேன். பூசி முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். படிகக் கல்லாலோ உருண்டை வழவழப்புக் கல்லாலோ தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்த்த சுவர் நாட்கணக்கில் வியர்க்கும். கசியும் ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், வியர்ப்பது நிற்கும்வரை. அவசரப்பட்டவன் சுவர் பல்லிளித்துவிடும்.

இனி இத்தாலிக் கதை. பளிங்கு அங்கிருந்து வந்தது, உண்மை. சரவிளக்கும் கண்ணாடியும் கப்பலில் வந்தன, உண்மை. அதைப் பார்த்த கண், சுவரும் கப்பலில்தான் வந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டது. இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. 1636-ல் மதுரையில் திருமலை நாயக்கர் மகால் கட்டினார்கள். அங்கேயும் சுவரிலும் வளைவிலும் வெள்ளைக்கரு கலந்த கிளிஞ்சல் சுண்ணாம்புதான். அதையும் இத்தாலிக்காரர்தான் வடிவமைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. 1780 ஏப்ரலில் சென்னையில் வந்திறங்கிய எலைசா ஃபே என்ற ஆங்கிலப் பெண்மணி வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இங்குள்ள கட்டடங்களில் ஒரு வகைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள், அது பளிங்கு போல் மினுங்குகிறது, இத்தாலிக்கே வந்துவிட்டேனோ என்று நினைத்தேன் என்று எழுதுகிறார். அந்த அம்மாள் இத்தாலியை நினைத்துக்கொண்டது நம் சுவரைப் பார்த்து. நாம் என்னடாவென்றால் நம் சுவரைப் பார்த்து இத்தாலிக்காரனைத் தேடுகிறோம்!

நம் ஊரில் இந்த வேலைக்கு வயது என்ன? சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனையைச் சொல்லும் இடத்தில் ஒரு வரி வருகிறது: 'வெள்ளி யன்ன விளங்கும் சுதையுரீஇ'. வெள்ளி போல் மின்னும் சுதையை, அதாவது சுண்ணாம்புச் சாந்தைப் பூசி என்று பொருள். வெள்ளையாக இருந்தது என்று சொல்லி நக்கீரர் நிறுத்தவில்லை. மினுங்கியது என்கிறார். வெறும் வெள்ளையடிப்பு அப்படி மினுங்காது, இழைத்துத் தேய்த்தால்தான் அந்த ஒளி வரும் என்பது என் கணக்கு. அடுத்தே, செம்பால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவரில் பல பூக்களோடு ஒற்றைக் கொடி வளைந்து ஓடுகிறது என்கிறார். நம் முகப்பில் உத்தரத்துக்குக் கீழே ஓடுகிறதே ஒரு கொடி, பச்சையும் காவியுமாக, அதை நிமிர்ந்து பாருங்கள். மணிமேகலையில் புகார் நகரத்துச் செங்கல் மாடங்களில் 'வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய கண்கவர் ஓவியம்' என்று வருகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்களாம்.

பாட்டு வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் சித்தன்னவாசல் நமக்கு அடுத்த வீடு மாதிரி. குடைவரைப் பாறையின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் தாமரைக் குளம். 9-ம் நூற்றாண்டில் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அந்தக் குகைக் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்ற பூச்சு.

தஞ்சைப் பெரிய கோயில் கதை இன்னும் நெருக்கமானது. கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்குப் பின்னால் சோழர் ஓவியம் மறைந்திருந்ததை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர். அந்தப் பல்கலைக்கழகத்தை எழுப்பியவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கானாடுகாத்தான் பிள்ளை, அண்ணாமலை செட்டியார். நம்மவர் காசில் நடந்த பல்கலைக்கழகத்து ஆசிரியர் பூச்சுக்குப் பின்னால் பூச்சைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நாம் பூச்சைக் கொத்த ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். நாயக்கர் காலத்துக் கொத்தனார் செய்ததையும் கவனியுங்கள். பழசின் மேல் புதுசைப் பூசினார். கல் தெரியும்வரை கொத்தி எறிந்திருந்தால் இன்று சோழர் ஓவியம் என்று காட்ட நம்மிடம் தஞ்சையில் ஒன்றும் இருந்திருக்காது.

இதெல்லாம் நம்மவர் மட்டும் கண்டுபிடித்தது என்று மார்தட்டவும் வரவில்லை. சுண்ணாம்பைச் சுட்டுப் பூசுவது மனிதன் கற்ற மிகப் பழைய வேலைகளில் ஒன்று. ஜோர்டானில் ஐன் கஸல் என்ற இடத்தில் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுண்ணாம்புத் தரை போட்டிருக்கிறார்கள், சுண்ணாம்பால் ஆளுயரத்தில் பாதிக்கு மேல் வரும் மனித உருவங்கள் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பானை சுடும் வழக்கம் வருவதற்கு முன்பே சுண்ணாம்பு சுடத் தெரிந்திருந்தது. ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ், மணல் காரை மூன்று பூச்சு, பளிங்குத்தூள் கலந்தது மூன்று பூச்சு என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தார். ஜெய்ப்பூரில் இதே குடும்பத்து வேலைக்கு ஆராயிஷ் என்று பெயர், அங்கேயும் தயிர் உண்டு. மொராக்கோவின் மராக்கேஷில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தடவிக் கல்லால் தேய்க்கிறார்கள், குளியலறைக்கே தாங்குகிறது. சீனாவில் காரையில் பசையரிசிக் கஞ்சி ஊற்றினார்கள். அவரவர் அடுப்படியில் இருந்தது அவரவர் சுவரில் ஏறியது. நம் அடுப்படியில் வெல்லமும் தயிரும் முட்டையும் இருந்தன.

வெனிஸைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் ஒருவர் அதற்குக் காசு கொடுத்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்வார். சென்னையில் அவர் மகன் புது அடுக்ககத்தில் குடியேறியபோது போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரே ஒரு சுவர் மட்டும் வழவழவென்று, மேகம் படிந்த மாதிரி. "பெரியப்பா, இது வெனிஷியன் பிளாஸ்டர், தொட்டுப் பாருங்க" என்றான் பிள்ளை. தொட்டேன். வெனிஸ்காரர்களின் அசல் வேலை உயர்ந்த வேலை. கடல் நடுவே, எப்போதும் ஈரம் ஏறும் செங்கல் சுவருக்கு அவர்கள் கண்ட வழி சுண்ணாம்பும் பளிங்குத்தூளும். காற்றாடும் பூச்சாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும் என்ற அதே தேவை, அதே விடை. ஆனால் இன்று டப்பாவில் அந்தப் பெயரோடு வருவதில் பாதி அக்ரிலிக். பிள்ளை தொடச் சொன்னது பிளாஸ்டிக்கை என்று எனக்குத் தோன்றியது, நல்ல நாளில் சொல்ல மனம் வரவில்லை. அதே வீட்டுக்காரர்தான் போன வாரம் குழுவில் முதல் கட்டைவிரல்.

இப்போது அந்தக் கொத்தனார்ப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். எனக்கு அது புரிய இருபது வருஷம் ஆனது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். 100 கிலோ சுத்தமான கல், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு கெட்டியாகும். அதாவது கடலில் கிளிஞ்சலாக இருந்தது, சூளையில் தூளாகி, சுவரில் மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே ஆகிறது. நம் வளவுச் சுவர் ஒரு பெரிய சிப்பியின் உட்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மினுமினுப்பு பெயின்ட்டில் வராது.

இந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நம் வீடுகளுக்கு அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு என்று தனியாக ஒன்றும் போடவில்லை. மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரம் செங்கலில் ஏறும். சுண்ணாம்பு வழியாக அது ஆவியாகிப் போய்விடும். மறுபடி வெயில் வந்தால் சுவர் காயும். இப்படியே நூறு வருஷம் ஓடியிருக்கிறது. சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. வழி கிடைக்கும் உயரம்வரை ஏறி, அங்கே மிச்சமிருக்கும் சுண்ணாம்பு வழியாக, உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். உப்புப் படிகமாகி விரியும்போது பூச்சு பொரிந்துவிடும். இங்க அடைச்சா அங்க வரும். போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். புதுக் கட்டடத்துக்கு அது நல்ல பொருள். அதை வைத்துத்தான் நான் நாற்பது வருஷம் சோறு தின்றேன். பழைய செங்கல் சுவருக்கு அது பகை.

நாம் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் சுவரை விடுங்கள், ஓட்டைப் பாருங்கள். நம் வீட்டில் பாதி ஓதம் கீழிருந்து வரவில்லை, உடைந்த ஓட்டிலிருந்தும் அடைத்துக்கொண்ட தகரக் குழாயிலிருந்தும் வருகிறது. வளவு முற்றத்தில் தண்ணீர் ஓடும் வாய்க்காலை எந்தப் புண்ணியவானோ டைல்ஸ் ஒட்டி மேடாக்கியிருக்கிறார், அதை எடுக்க வேண்டும். பிறகு, கீழே பூசிய சிமெண்டை மட்டும் உளியால் மெதுவாக எடுத்து, ஒரு கோடைக்காலம் முழுக்கச் சுவரைச் சும்மா காய விட வேண்டும். ஆமாம், ஆறு மாசம் செங்கல் தெரியும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதன் பிறகு சுண்ணாம்புக் காரை. மேலே நல்லா இருக்கும் பழைய பூச்சின் மேல் புட்டியோ எமல்ஷனோ ஒரு சொட்டுப் படக்கூடாது. அழுக்கை மிருதுவான துணியால் துடைத்தால் போதும், உள்ளே இருக்கும் ஒளி இன்னும் போகவில்லை. என் அறையில் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆள் கிடைக்காது என்பீர்கள். குறைவு, ஆனால் இருக்கிறார்கள். சேப்பாக்கத்தில் கலச மகால் 2012-ல் எரிந்த பிறகு அதைச் சீரமைத்தபோதும், அடுத்து ஹுமாயூன் மகாலைச் சீரமைத்தபோதும், பொதுப்பணித் துறையே கடுக்காயும் வெல்லமும் கலந்த சுண்ணாம்புக் காரைக்குத் திரும்பியது. அந்த வேலை பழகிய கைகள் நம் பக்கத்திலேயே உண்டு. நம் ஊர்களில் இரண்டொரு வீட்டை விடுதியாக மாற்றியவர்கள் பழைய முறையில் பூச வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கொத்தனார்களுக்கு வருஷத்தில் சில மாதம்தான் இந்த வேலை, மிச்ச நாளில் சிமெண்டுதான் பூசுகிறார்கள். நாலு வீட்டுப் பங்காளிகள் சேர்ந்து, ஒரே குழுவை வீடு மாற்றி வீடு இரண்டு வருஷத்துக்கு அமர்த்தினால் இளையவர்கள் இரண்டு பேர் கற்றுக்கொள்வார்கள். கோயில் சார்பிலும் நகரத்தார் சார்பிலும் நாம் சேர்ந்து எவ்வளவோ செய்கிறோம், இதைச் செய்ய முடியாதா?

2014-லிருந்து நம் ஊர்களின் பெயர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி உங்களை மிரட்ட மாட்டேன். பட்டியலில் இருப்பதால் எந்தச் சுவரும் நிற்கப் போவதில்லை. கொத்துகிற ஆளைக் கூப்பிடும் கை நம்முடையது.

வருகிற தை மாதப் படைப்புக்கு, முன்னோருக்குப் படைக்கிற அன்றைக்கு, எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். அதுவரை கொத்த வருகிறவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பது மட்டும்தான் நான் கேட்பது. பின்கட்டில், பழைய நெல் ஊறப்போடும் தொட்டி ஒன்று சும்மா கிடந்ததே, அதைக் கழுவி இரண்டு மூட்டைக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றிப் போட்டிருக்கிறேன். மேலே நாலு விரக்கடை தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், வற்றினால் கெட்டுவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் நீங்களும் ஒரு எட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் ஒரு குடம் ஊற்றிவிட்டு வாருங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து.

இப்படிக்கு,
1994-ல் மூன்றடி கொத்திய உங்கள் பங்காளி